கட்டில் கம்பி

"எனக்குக் கை நடுங்காது, மேடம். ஊசி குறி தப்பாது. அப்புறம் ஏன் என்னைத் தனியாச் செய்ய விடமாட்டேங்கறீங்க?"

டாக்டர் நல்லசிவம் கேட்டார். தாலுகா மருத்துவமனையில் பல வருஷம் பழகிய கை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார்.

பிரிவின் தலைமை மருத்துவர் தில்லைநாயகி கை கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. அவசரமே இல்லை.

"உங்க கையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

அன்று மதியம் லாரி ஓட்டுநர் அந்தோணிராஜுக்குக் கழுத்தில் குழாய் போட வேண்டியிருந்தது. தீக்காயம். கையில் ஊசி ஏற்ற இடமில்லை. இனி மருந்தெல்லாம் கழுத்து ரத்தக்குழாய் வழியாகத்தான்.

அதே கட்டிலில் முன்பு இருந்தவர் வந்த நோயால் சாகவில்லை. குழாய் வழியே ரத்தத்தில் ஏறிய கிருமியால் செத்தார். குழாய் போட்ட டாக்டருக்கு எங்கே தவறினோம் என்று இன்றுவரை தெரியாது.

நல்லசிவம் கை கழுவிக் கையுறை மாட்டினார். கழுத்தை மருந்தால் துடைத்துக் காயவிட்டார். கிருமி நீக்கிய துணியை முகம் மறைய விரித்தார்.

தில்லைநாயகி அடுத்த கட்டிலில் ஒருவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ரெஜினா நீட்டிய ஊசியை வாங்கித் திரும்பும்போது, நல்லசிவத்தின் சுண்டுவிரல் கட்டில் கம்பியை உரசியது. உரசியதா? ஈ உட்கார்ந்து எழுந்த அளவுகூட இல்லை.

துணிக்கு அடியிலிருந்து அந்தோணிராஜ் முனகினார். "முடிஞ்சுதா சார்? மூச்சு முட்டுது."

ஊசி முனை கழுத்துக்கு மேலே நின்றது.

நல்லசிவம் அதைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், வேற கையுறை. ஊசி செட்டும் புதுசு குடுங்க."

"என்னாச்சு டாக்டர்?"

"கம்பியில பட்டிருக்கும்."

"நான் பார்க்கலையே."

"நானும் சரியாப் பார்க்கலை."

ரெஜினா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள்.

நல்லசிவம் துணியின் ஓரத்தைத் தூக்கினார். "மன்னிச்சுக்கங்க அண்ணே. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"சரி சார்," என்றார் அந்தோணிராஜ். "மூஞ்சிக்குக் காத்து வந்துச்சு, அதுவே போதும்."

நல்லசிவம் மறுபடி கையைக் கழுவினார். மறுபடி கையுறை. மறுபடி கழுத்தைத் துடைத்துக் காயவிட்டார். மறுபடி துணி. குழாய் முதல் குத்திலேயே இறங்கியது. மருந்து சொட்ட ஆரம்பித்தது.

தையல் போட்டு நிமிர்ந்தபோது அடுத்த கட்டிலருகே யாரும் இல்லை.

"மேடம் எங்கே?"

"நீங்க வேற கையுறை கேட்டீங்களே," என்றாள் ரெஜினா, "அப்பவே சாப்பிடப் போயிட்டாங்க."