செக்கடிக்குப் போகாத நட்டுவனார்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது தாளம் போடுகிற கதை. எட்ட இருந்தால் சத்தம் கேட்காது.

முன்பு ஒரு காலத்தில் வேங்கைநாட்டை மகரபூபதி என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுசர்தான். ஆனால் காலையில் ஒரு உத்தரவு போடுவார், மத்தியானம் அதை மாற்றிப் போடுவார். போன மாதம் அரண்மனையில் எல்லாரும் கிளி வளர்க்க வேண்டும் என்றார். அத்தனை கிளியும் சேர்ந்து கத்தினதும், திறந்துவிடுங்கள் என்று காதைப் பொத்திக்கொண்டார். இந்த மாதம் என்னவென்றால், மகள் பவளநாச்சிக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்க ஒரு நட்டுவனார் வேண்டும்!

சபைக்குப் பெரியவர் மங்களநாதர். அவர் அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு மனசுக்குள்ளேயே கொடுத்து முடித்துவிட்டார். மைத்துனனுக்கு நாட்டியத்தில் தெரிந்தது சரிகை வேட்டி கட்டுவது ஒன்றுதான். வந்த மற்றவர்களை எல்லாம் மங்களநாதர் ஏதாவது குறை சொல்லித் துரத்திவிட்டார்.

கடைசியாக வந்தார் ஆடவல்லான். சின்ன வயதில் தேர்ச் சாரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு வலது கால் வளைந்துபோயிருந்தது. அக்குளில் ஒரு துணி மூட்டை. அதற்குள் தாளம் தட்டுகிற கழியும், தட்டுவதற்கு ஒரு மனைக்கட்டையும். மூன்று ஊர் அரண்மனையில் காலைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டார்கள். பெண்டாட்டி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: “இங்கேயும் இல்லையென்றால் என் அண்ணனுடைய எண்ணெய்ச் செக்கடிக்கே நீங்கள் போய்விடுங்கள். அந்த மாட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி நடக்கவாவது ஆள் வேண்டுமாம்.”

அவர் சபைக்குள் விந்தி விந்தி வந்ததுதான் தாமதம், மங்களநாதர் சிரித்துவிட்டார்.

“மகாராஜா, நடையைப் பாருங்கள்! ஒரு கால் ஆதிதாளம், மறு கால் ரூபகம்!”

“இரண்டையும் கலக்காமல் வாசலிலிருந்து இதுவரை வந்துவிட்டேனே ஐயா, அதுவும் வித்தைதானே?” என்றார் ஆடவல்லான்.

ராசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் கூடவே ஒரு யோசனையும் வரும். “சரி. ஆடவே தெரியாத ஒருத்தரை மூன்று நாளில் ஆட வையும். வேலை உமக்கு.”

“என்னையே ஆட வைக்கட்டும் மகாராஜா!” என்று முன்னால் வந்தார் மங்களநாதர். “அறுபது வயதாகிறது, சாமி புறப்பாட்டுக்குக்கூட நான் காலைத் தூக்கினதில்லை. தோற்றால் அந்தக் கழி சமையற்கட்டு அடுப்புக்கு. இந்த ஆள் வேறெங்கும் நட்டுவனார் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.”

ஆடவல்லான் கழியைத் தடவிப் பார்த்தார். செக்கு மாடு கண்ணுக்குள் வந்து போனது. “சம்மதம்” என்றார்.

அப்புறம் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை! இரண்டு நாளும் சபை மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மங்களநாதரையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மட்டும் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

“என்ன ஓய், பாடம் எப்போது?” என்று மங்களநாதர் கேட்பார்.

“நடந்துகொண்டுதான் இருக்கிறது ஐயா.”

மூன்றாம் நாள் சாயங்காலம் சபை நிரம்பி வழிந்தது. மைத்துனன் புதுச் சரிகை வேட்டியோடு வந்து நின்றான். ஆடவல்லான் மனைக்கட்டையை முன்னால் வைத்துக்கொண்டார்.

“என்ன ஆயிற்று?” என்றார் ராசா.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராசாவிடம் பேச வேண்டுமானால் நாலடி முன்னால் வரவேண்டும். தோள் துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து, வாய் பொத்திப் பேசவேண்டும். போகும்போது முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடக்கவேண்டும். முப்பது வருசமாக நாளுக்கு நாற்பது தரம் இதைச் செய்கிறவர் மங்களநாதர். தோற்றான் என்று சொல்ல அவர் காலை எடுத்து வைத்தார்.

தட்! “தை!” என்றார் ஆடவல்லான்.

அடுத்த கால். தட்! “யா!”

துண்டு சுழன்று இடுப்புக்கு வந்தது. “தை!” இடுப்பு வளைந்தது. “யீ!” கை வாய்க்குப் போனது. “தா!”

ஒரு அடி பிசகவில்லை. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“மகாராஜா, இது ஆட்டம் இல்லை! மரியாதை!” என்று மங்களநாதர் பதறிப்போய் இன்னும் இரண்டு கும்பிடு போட்டார். இரண்டுக்கும் தாளம் விழுந்தது. மூலையிலிருந்த மத்தளக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை, அவரும் சேர்ந்துகொண்டார்.

இனிமேல் அசைந்தால்தானே என்று மங்களநாதர் விறைத்து நின்றார்.

ராசாவின் புருவம் ஏறியது. “என்ன ஓய்? என் முன்னால் குனியாமல் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டீரா?”

ஐயோ என்று குனிந்தார். “தை!”

ஓடிவிடலாம் என்றால் பின்னாலேயே அல்லவா ஓடவேண்டும்? அவர் வேகம் கூட்டினார், கழியும் வேகம் கூட்டியது. தகதிமி தகதிமி என்று மூன்று சுற்று வந்து, தாளத்தை முடித்துத் தீர்மானம் வைக்கிற இடத்தில், சொல்லிவைத்தது போல மங்களநாதரின் முதுகு தூணில் மோதியது. தொம்!

சபை கொட்டிய கைதட்டலில் மாடப்புறா எல்லாம் பறந்துவிட்டது.

“இவன் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தான்? நான் எப்போதும் செய்கிறதுதானே!” என்று மூச்சு வாங்கினார் மங்களநாதர்.

“நிசம்தான் மகாராஜா” என்றார் ஆடவல்லான். “அவரவர் உடம்பில் என்ன ஓடுகிறதென்று பார்த்துத் தாளம் போடுகிறவன் நான். அதற்குக் கண் வேண்டும், கை வேண்டும். கால் ஆடுகிறவருக்குத்தானே வேண்டும்?”

“நாளையிலிருந்து பவளநாச்சிக்கு நீர்தான் நட்டுவனார்!” என்றார் ராசா. “மங்களநாதரே, அந்த மனைக்கட்டையைத் தினமும் நீர்தான் சுமந்து வந்து போடவேண்டும். மைத்துனரை மத்தளம் துடைக்கச் சொல்லும்.”

சொல்லிவிட்டுக் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு ராசாவே படியிறங்கி வந்தார். நல்ல கனத்த சரீரம். அந்தப் பக்கம் ஒரு சாய்வு, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, தொந்தி ஒரு குலுக்கு.

சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கழியையே பார்த்தது. பவளநாச்சி ஓடிவந்து நட்டுவனார் காதில், “ஐயா, அப்பாவுக்கும் போடுங்களேன்!” என்றாள்.

ஆடவல்லான் ராசாவின் நடையைப் பார்த்தார். கழியைப் பார்த்தார். விரல் துறுதுறுத்தது.

சட்டென்று கழியைத் துணிக்குள் சுற்றி, ஒரு முடிச்சுப் போதாதென்று இரண்டு முடிச்சுப் போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.