ஐந்து பேரும் இருநூறு பேரும்

நாகர்கோவிலில், ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிவந்த செல்வினின் கம்பெனியில் மொத்தம் ஐந்து பேர். ஒன்பது கடைகளுக்கு முதலாளியான தாணுமாலயன் வேலை கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட வேண்டியதுதான்.

கம்பெனியை நேரில் பார்க்க வந்த அவர் நாற்காலிகளை எண்ணிவிட்டுச் சிரித்தார். "இப்ப எனக்கு வேலை செய்யுற கம்பெனியில இருநூறு பேரு. நீங்க அஞ்சு பேரும் அவங்களுக்குச் சமம்னு, நான் இந்தக் காப்பியைக் குடிச்சு முடிக்கதுக்குள்ள காட்டுங்க பாப்போம்."

வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் எஸ்தர்தான் பேசினாள்.

"காட்டலாம், முதலாளி. உங்க கடையில இப்ப ஏதாவது கோளாறு உண்டா?"

"ஒரு கடையில காலையிலேருந்து பில் வரல."

"அதை அந்த இருநூறு பேர்கிட்ட சொல்லுங்க."

அவர் கூப்பிட்டார். வரிசையில் பதினேழாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, வீணை இசையை ஓடவிட்டது. அதற்குள் எஸ்தரின் மேசையில் போன் மணி அடித்தது; வேறொரு வாடிக்கையாளர்.

"சொல்லுங்க அண்ணாச்சி. மறுபடியும் அந்தப் பிரிண்டரா?"

இரண்டு நிமிடத்தில் சரிசெய்தாள். அடுத்து வந்த அழைப்பும் தீர்ந்தது. காப்பி முடிந்தும் வீணை முடியவில்லை. தாணுமாலயன் அதைக் கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு போனை அணைத்தார்.

"நாளைக்கே ஆரம்பிங்க."

அவர் போனதும் செல்வின் பூரித்தான். "எஸ்தர், ரெண்டே வருஷம். நம்மகிட்டயும் இருநூறு பேர் இருப்பாங்க."

"இருக்கட்டும் சார். அன்னைக்கு போனை யார் எடுப்பா?"

அடுத்த மணி அடித்தபோது, அவள் கை நீட்டும் முன் செல்வினே எடுத்தான்.