ஒரு மீனுக்குப் பத்து லிட்டர்

எங்கள் அடுக்ககத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். செயலாளர் தணிகாசலம், பொருளாளர் சேதுமாதவன், கூடவே என் வீட்டுக்காரர். மூவரும் சேர்ந்து, நாங்கள் துணி காயப்போடும் மொட்டைமாடியை வளைத்து மீன்தொட்டி வைத்தார்கள். மீன் தண்ணீரை அழுக்காக்குமாம். மோட்டார் அந்தத் தண்ணீரை ஜல்லியில் நட்ட கீரைக்கு ஏற்றுமாம். கீரை அழுக்கைத் தின்று வளர்ந்து, நல்ல தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுமாம். நல்ல யோசனைதான். யோசித்தது இவர்கள் இல்லை.

பெண்கள் ஒரே நிபந்தனை போட்டோம். ஆடி முடிவதற்குள் ஒரு கட்டுக் கீரை வந்தால் மாடி அவர்களுக்கு. வராவிட்டால் தொட்டி கீழே, துணி மேலே.

மீன் விற்றவர் பாவம், நல்லதுதான் சொன்னார். "புதுசா ஆரம்பிக்கிறீங்க, நெருக்கியடிக்காதீங்க சார். ஒரு மீனுக்குப் பத்து லிட்டர் தண்ணி வேணும்."

இருநூறு லிட்டர் தொட்டியில் இருபது ஜிலேபிக் கெண்டை விட்டார்கள். மீன்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியதும் எல்லாம் நிழல் விழுந்த மூலையில் போய் ஒண்டிக்கொண்டன.

"அந்த மூலையில மிஞ்சிப்போனா முப்பது லிட்டர் இருக்கும்," என்றார் சேதுமாதவன், முகம் வெளிறி.

"மீதித் தண்ணி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆளில்லாம கிடக்கு."

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். "ஒதுக்கிக் கொடுத்தும் குடிபோகலைன்னா நாம என்ன பண்றது?"

என் வீட்டுக்காரர் யோசித்தார். "ஆளுக்கொரு பக்கெட் கொடுத்துடலாம்," என்றார்.

அன்று மாலை எந்த வீட்டுக் குளியலறையிலும் பக்கெட் இல்லை. மாடியில் இருபது மீனும் தனிக்குடித்தனம். காலியான தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பினார்கள். மோட்டார் அதைக் கீரைக்கு விட, கீரை பட்டினியில் மஞ்சளாகிப் போனது.

"பக்கெட் தண்ணியை மொண்டு ஊத்துங்களேன்," என்றேன்.

மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மொண்டா பத்து லிட்டர்ல குறையுமே மேடம்," என்றார் தணிகாசலம். "கழிவை மட்டும் பிடிக்கணும்."

பிடிப்பதற்கு எங்கள் வீட்டு டீ வடிகட்டி போயிற்று. தினமும் மூவரும் ஸ்டூல் போட்டு, பக்கெட்டுக்குள் வடிகட்டியை நீட்டி, கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடிக் கடைசி நாள். ஈரத்துணிக் கூடையோடு மாடிக்குப் போனேன். "கீரை எங்கே?"

"ஒரு மீனும் போகமாட்டேங்குதும்மா," என்றார் என் வீட்டுக்காரர், அழாத குறையாக.

"மூணு ஆம்பளைங்க இப்படி முறைச்சுப் பார்த்துட்டு இருந்தா, எப்படிங்க போகும்?"

குத்தலாகத்தான் சொன்னேன். சேதுமாதவன் மெல்ல எழுந்தார். "அதானே. ஒரு மறைப்பு கூட இல்லையே."

அவர்களே கயிறு கட்டினார்கள். என் கூடையிலிருந்த போர்வைகளை உதறி விரித்தார்கள். போதவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஈரத்துணி இருந்தால் தரும்படி கெஞ்சி, அள்ளி வந்து, கிளிப்பும் மாட்டினார்கள். மாடி முழுக்க எங்கள் துணிதான். ஆடிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

நான் என் போர்வையை உருவப் போனேன். அந்தப் பக்கம் மூவரும் பக்கெட்டுக்கு முதுகைக் காட்டி, வடிகட்டியைப் பின்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம்," என்றார் தணிகாசலம் ரகசியக் குரலில், "நாளைக்கும் துவைப்பீங்களா? பாதிப் பேர் இன்னும் போகலை."