தேரியில் ஒன்பது கால்

அன்று செம்மணல் தேரியில் இருந்த மடத்தில் ஐந்து பேர். குரு ஆவுடையம்மாள், சீடர்கள் சுயம்பு, நயினார், கோமதி, மாசானம். பனையிலிருந்து விழுந்ததில் மாசானத்துக்கு வலது கால் தொடையோடு போயிருந்தது. ஆக, ஐந்து பேருக்கு ஒன்பது கால்.

"அண்ணாச்சி கக்கத்துல வச்சிருக்க கட்டையையும் சேர்த்தா பத்து," என்றான் சுயம்பு. கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மடத்தில் ஒரே கட்டளைதான். மணல்மேட்டுக்கு அப்பால் இருக்கும் ஊற்றிலிருந்து அவரவர் தண்ணீரை அவரவரே கொண்டுவர வேண்டும். அடுத்தவர் கொண்டுவந்ததைக் குடித்தால் அன்றைக்கே வெளியேற வேண்டும். மாசானம் விடிந்ததிலிருந்து மேடேறிப் பார்த்துவிட்டார். ஊன்றுகட்டையை மணல் முழங்கை ஆழம் விழுங்கியது. இப்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. திரும்பிப் போவதற்கு ஊரில் அவருக்கு யாரும் இல்லை.

குரு தண்ணீருக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் குடம் எப்போதும் நிறைந்திருக்கும். சேலைக் கரை மணலைப் பெருக்க, சத்தமில்லாமல் வருவார், போவார்.

"அம்மா, போன கால் சதா அரிக்குது," என்றார் மாசானம். "இல்லாத காலை எங்கே போய்ச் சொறிய? அது முழுசாப் போறதுக்கு என்ன செய்யணும்?"

குரு பாறையைக் காட்டினார். ஓர் ஓணான் நாலு காலிலும் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"விரல் எத்தனை?"

"காலுக்கு அஞ்சு."

பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஓர் அரணை கிடந்தது. நீண்ட உடம்பு, குட்டிக் கால்கள். நயினாரின் நிழல் பட்டதும் கால்களை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வழுக்கி மணலுக்குள் போய்விட்டது.

"கால் இருந்தும் ஓடலையே, அம்மா?" என்றார் மாசானம்.

"மணலுக்குள்ள கால் தடுக்கும்."

குரு இளகிய மணலில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். விரல் தடிமனில் ஒன்று நெளிந்துகொண்டு வெளியே வந்தது. அதற்குக் கால் இல்லை.

"பாம்பு!" நயினார் கம்பை ஓங்கினான்.

அது அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

ஓங்கிய கம்பு அந்தரத்தில் நின்றது.

"பாம்புக்கு இமை ஏது?" என்றார் குரு. "இதுவும் அரணைதான்."

மாசானம் குனிந்து பார்த்தார். பின்கால் இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு ஒரு மேடு. அவ்வளவுதான்.

"இதுக்குக் காலை வெட்டினது யாரு, அம்மா?"

"யாரும் வெட்டலை. முதல்ல உடம்பு நீண்டுது. நெளிஞ்சு போகப் பழகிச்சு. மடக்கி வச்ச கால் தலைமுறை தலைமுறையாச் சிறுத்துக்கிட்டே வந்துது. கடைசியில மடக்க ஒண்ணும் இல்லை."

"வலிச்சிருக்குமா?"

குரு அதைப் பாறைமேல் விட்டார். அது ஓர் அங்குலம்கூட நகராமல், கிடந்த இடத்திலேயே துடித்துப் புரண்டது. எடுத்து மணலில் விட்டார். மணல் தண்ணீர்போல் அதன்மேல் மூடிக்கொண்டது.

"எங்கே வலிச்சுதுன்னு பார்த்தீரா?"

மாசானம் கட்டையை ஊன்றி மேட்டடிக்குப் போனார். சுரைக்குடுவையை நீளக் கயிற்றில் இடுப்போடு கட்டினார். கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தார். கையை ஊன்றினார், மணல் சரிந்தது. இரண்டு கையையும் விலாவோடு சேர்த்துக்கொண்டார். கழுத்திலிருந்து ஒரு நெளிவு கிளம்பி முதுகு வழியாக இறங்கியது.

மணல் திறந்தது. உள்ளே குளிர்ச்சி. எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை, அரிப்பு நின்றிருந்தது.

மேலே நின்ற மூவருக்கும் மாசானம் தெரியவில்லை. குடுவை மட்டும் வெறும் மணல்மேல் தானாக நகர்ந்து மேட்டைத் தாண்டியது. வெயில் சாயும் நேரம் அதே குடுவை தளும்பத் தளும்பத் திரும்பி வந்தது.

"அண்ணாச்சி?" என்று சுயம்பு கூப்பிட்டான். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

காலடி மணல் புடைத்தது. மூவரும் மூட்டையைக்கூட எடுக்கவில்லை. சாலையைப் பார்த்து ஓடினார்கள்.

மாசானம் எழுந்து உட்கார்ந்தார். இமையில் ஒட்டிய மணல் உதிரக் கண்ணைச் சிமிட்டினார். தன் தண்ணீரைத் தானே குடித்தார். பிறகு மேட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் வந்த தடம் ஒரே கோடாக நெளிந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொரு நெளிகோடு. பழையது, காற்று அதன் விளிம்புகளை உதிர்த்திருந்தது. ஊற்றிலிருந்து கிளம்பிக் குருவின் குடில் வாசலில் போய் முடிந்தது.

சாலைப் பக்கம் மூவரின் புழுதி அடங்கியது. மாசானம் குருவிடம் சொன்னார்.

"ஒன்பதுல ஆறு ஓடிப்போச்சு, அம்மா. மிச்சம் மூணு."

குரு சேலைக் கரையை உதறி மணலைத் தட்டினார்.

"சரியா எண்ணும், மாசானம்," என்றார். "ஒண்ணு."