செத்த பேட்டரிக்கு வாய்க்கட்டு

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வெள்ளைத்தாய்க்குப் பயம். கொட்டகையில் நடந்ததைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லவேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு சொல் பிசகினால் யாருக்காவது கை வெந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

ஊரில் வேண்டாமென்று போடுகிற ரேடியோ, மிக்சி, செல்போன்களைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் கொட்டகை அது. பக்கத்திலேயே கூரை வரை பழைய காகிதக் கட்டுகள். தொழில் கற்றுத்தந்த சபீனா அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் வெள்ளைத்தாய்க்கு அவள் டீச்சர்தான்.

முதல் நாளே கேட்டாள்.

"டீச்சர், செத்த பேட்டரி எது, உசிருள்ளது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வீட்ல எப்படிக் கண்டுபிடிப்பீங்க அக்கா?"

"ரிமோட் ஓடலைன்னா கடிச்சுப் பார்ப்பேன். வெயில்ல வைப்பேன். அப்பவும் ஓடலைன்னா செத்தது. ஊசி, பின்னு கிடக்கிற டப்பாவுல போட்டுருவேன்."

சபீனா சிரிக்கவில்லை. மைக்கில் போடுகிற சதுர பேட்டரி ஒன்றைக் குவியலிலிருந்து எடுத்தாள்.

"இது செத்ததுதானே?"

"மைக்கே ஓடலைன்னுதானே போட்டிருக்காங்க."

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இடுக்கியில் பிடித்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தாள். நார் சிவந்தது. பொறி பறந்து எரிந்தது.

அன்றிலிருந்து வெள்ளைத்தாய், எந்த இரும்பிலும் உரசிவிடாதபடி ஒவ்வொரு பேட்டரி முனையிலும் டேப் ஒட்டினாள். ஒட்டியதையே மறுபடி தடவிப் பார்ப்பாள். மற்ற பெண்கள் அதற்கு, பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி 'வாய்க்கட்டு' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை லாரி வந்து நின்றது. ஏற்றவேண்டியது ஒரே ஒரு சாக்குதான். காகிதக் கட்டோடு ஒட்டிக் கிடந்தது. வெள்ளைத்தாய் அதன்மேல் கை வைத்தாள். ஒரு பக்கம் சூடு.

"இதைப் பிரிக்கணும்."

"இந்த வெக்கையில சாக்கு சுடாம குளிருமா?" என்றார் டிரைவர் ஜெபமணி. "ஏன் தாயி, செத்த பொணத்துக்கா காவல் நிக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சாக்கை விடவில்லை.

"அந்தப் பக்கம் சுடலையே அண்ணே."

ஜெபமணி இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். உடனே சாக்கை வெளியே இழுத்துப் போட்டார்.

உள்ளே பூரி மாதிரி உப்பிய ஒரு செல்போன். எவரோ அவசரத்தில் போட்டது. இடுக்கியால் எடுத்து மணல் வாளிக்குள் வைத்து, மேலே மணலைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள். 'புஸ்' என்று சத்தம். மணலைப் பிளந்துகொண்டு தீ ஒரு முழம் எழும்பியது. பிறகு புகை. பிறகு ஒன்றுமில்லை.

காகிதக் கட்டுகள் கூரை வரை அப்படியே நின்றன.

வாய்க்கட்டு என்று சிரித்தவர்களே முதலில் குலவை போட்டார்கள். ஜெபமணி தலைத்துண்டை அவிழ்த்து அவளுக்கு விசிறினார்.

ஆரவாரம் அடங்கியதும் வெள்ளைத்தாய் மெல்லக் கேட்டாள். "டீச்சர், எல்லாரும் என்னைத் தைரியசாலிங்கிறாங்க. எனக்குப் பயம் போகவே மாட்டேங்குதே?"

சபீனா ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, சாக்குகள் உள்ளே வரும் வாசலில் போட்டாள்.

"போகவேண்டாம் அக்கா. அந்தப் பயத்தை இங்க உட்கார வைங்க. உள்ள வர்ற சாக்கையெல்லாம் அது தொட்டுப் பார்க்கட்டும்."

திங்கட்கிழமை வெள்ளைத்தாய் அந்த ஊசி டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். உள்ளே பதினொரு பேட்டரி, பல் தடத்தோடு. ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டினாள். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.