நாற்பது பொந்துகளுக்கு ஒரு தூதன்

ஏரிக்கரை ஆலமரத்தில் நாற்பது பொந்துகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொத்திக் கொடுத்தது செங்கொண்டை என்ற மரங்கொத்தி. அதனால் கிளி, மைனா எல்லாம் அதையே தலைவராக ஏற்றுக்கொண்டிருந்தன.

சென்ற மழையில் செங்கொண்டையின் இறக்கை அடிபட்டுவிட்டது. பறக்க முடியாத தலைவருக்குச் சேதி கொண்டுபோக ஒரு தூதன் தேவைப்பட்டான். முதலில் காகம் அந்த வேலையைப் பார்த்தது. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை அது மரம் முழுவதும் கேட்கும்படி கத்தியது. யார் வீட்டுச் சண்டையும் ரகசியமாக இல்லை. ஒரே வாரத்தில் காகத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து இருவர் வந்தார்கள். ஒன்று அணில். எந்தப் பொந்திலிருந்து யார் தலை நீட்டினாலும் ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு சேதியை நேராக அந்தப் பொந்துக்கே கொண்டுபோகும். மற்றொன்று வாலாட்டிக் குருவி. சுற்றியுள்ள நான்கு ஏரிகளுக்கும் தோப்புகளுக்கும் அதற்கு வழி தெரியும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் போகும். ஆனால் எந்த மரத்துக்குள்ளும் நுழையாது. அடிக்கிளையில் இருப்பவரிடம் சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும்.

ஒரு மரத்துக்கு ஒரு தூதன் என்பது அங்கே வழக்கம். நம் பேச்செல்லாம் மரத்துக்குள்தானே என்று எண்ணிய செங்கொண்டை, அணிலை வைத்துக்கொண்டது. வாலாட்டி வருத்தப்படாமல் பக்கத்து மதகடியில் குடியேறியது.

அணில் வேலையில் கெட்டி. மரத்தில் சச்சரவு குறைந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒருநாள் நண்பகலில் ஒரு சாரைப்பாம்பு ஆலமரத்தடிப் புதரிலிருந்து தண்ணீரில் நழுவுவதைச் செங்கொண்டை கண்டது. அது அக்கரைத் தென்னந்தோப்பை நோக்கி நீந்தியது. அந்தத் தோப்பில், பட்டுப்போன ஒரு தென்னையில், செங்கொண்டையின் மகள் பவளி முதல்முறையாக மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். பாம்பு வருவது தெரியாவிட்டால் முட்டைகள் பிழைக்காது.

பாம்பு வருகிறதென்று பவளியிடம் சொல்லும்படி அணிலை அனுப்பியது செங்கொண்டை.

தெரியாத பெயர் வந்தால் ஒவ்வொரு பொந்திலும் விசாரிப்பது அணிலின் வழக்கம். அப்படியே செய்தது. மைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடே, கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டில் தேடுகிறாயே!"

அணிலுக்கு அது விளங்கவில்லை. நாற்பது பொந்தையும் முடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றது. "தலைவரே, பவளி என்று நம் மரத்தில் யாரும் இல்லை. இன்னொரு சுற்று கேட்டுவிட்டு வரட்டுமா?"

செங்கொண்டை ஏரியைப் பார்த்தது. பாம்பு கால்வாசி தூரம் போயிருந்தது. அணிலைக் கோபித்துப் பயனில்லை. வெளியூர்ச் சேதியை அதனிடம் கொடுத்தது யார்?

"மதகடிக்கு ஓடு. பவளி அக்கரைத் தென்னந்தோப்பில் இருக்கிறாள் என்று வாலாட்டியிடம் சொல்" என்றது.

அணில் சொன்னதைக் கேட்ட வாலாட்டி, "எந்தத் தோப்பு, தம்பி?" என்று மட்டும் கேட்டது.

"அக்கரைத் தென்னந்தோப்பு, அண்ணே. ஆனால் எந்த மரமென்று எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லிப் பறந்தது வாலாட்டி.

ஏரியின் நடுவே ஒரு பருந்து வட்டமிட்டது. வாலாட்டி உடனே திரும்பி, கரையோரமாகச் சுற்றிப் பறந்தது. தூரம் கூடினாலும் பாம்பின் நீச்சலை இறக்கை வென்றது. தோப்பின் முதல் மரத்தில் அந்தத் தோப்புக்கென்று ஓர் அணில் இருந்தது. சேதியைக் கேட்டதும் அது நூறு மரங்களுக்கிடையே பவளியின் மரத்துக்கு நேராக ஓடியது.

பவளி கத்தினாள். பக்கத்திலிருந்த இரண்டு கரிச்சான் குருவிகள் பாய்ந்து வந்தன. தென்னையில் பாதி ஏறியிருந்த பாம்பு தலையில் நாலு கொத்து வாங்கிக்கொண்டு புதருக்குள் ஓடியது.

மாலையில் வாலாட்டி ஆலமரத்தின் அடிக்கிளையில் வந்து அமர்ந்தது. அங்கே காத்திருந்த அணில், அது கொண்டுவந்த பதிலை வாங்கிக்கொண்டு யாரையும் கேட்காமல் தலைவரின் பொந்துக்கு ஏறியது.

"மூன்று முட்டையும் பத்திரம், தலைவரே."

அன்று முதல் அடிக்கிளை வாலாட்டிக்கு, மற்ற கிளைகள் அணிலுக்கு என்று செங்கொண்டை வழக்கத்தை மாற்றியது. இருவரும் ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடவில்லை.

உள்ளே வீடறிந்தவன் வேறு, வெளியே வழியறிந்தவன் வேறு. எவன் பெரியவன் என்று பார்க்காமல், எந்த வேலைக்கு எவன் என்று பார்ப்பவனே காரியத்தில் வெல்வான்.