அறுபதில் ஒரு பங்கு தண்டனை

முன்னொரு காலத்தில், அப்படியொன்றும் ரொம்பப் பழைய காலமில்லை, ரயில் வந்துவிட்டிருந்த காலத்தில், ஒரு ராஜ்யத்தைத் தேவநாராயணர் என்ற மகாராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று சொல்வது மரியாதைக்காக. அவர் செய்துவந்த வேலை பொம்மை ரயில் விடுவது. தர்பார் மண்டபத்தின் பாதியை அடைத்துத் தண்டவாளம் போட்டிருந்தார். மலை, ஆறு, கோயில், கடைத்தெரு என்று அந்தப் பொம்மை ராஜ்யத்தில் எது இருந்தாலும் நிஜத்தில் அறுபதில் ஒரு பங்காக இருக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நிஜ ராஜ்யத்தில் பாலம் இடிந்து கிடந்தது. பொம்மை ராஜ்யத்துப் பாலத்துக்கு வருஷா வருஷம் வர்ணம் பூசினார்கள்.

அந்தச் சட்டப்படி ரயில் நிலையம் செய்து கொடுத்தவர் நல்லபெருமாள் ஆசாரி. தூண், கூரை, மணி, பெஞ்சு எல்லாம் அறுபதில் ஒன்று. அரண்மனை ரயில் அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது மகாராஜா குழந்தையாகிவிடுவார்.

ஒருநாள் பக்கத்து ராஜ்யத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பிரதானி சந்திரசூடர் அவர்கள் எதிரே நல்ல பேர் வாங்க நினைத்து, தாமே தருவித்த புது மலை ரயில் ஒன்றைத் தண்டவாளத்தில் வைத்தார். சக்கரங்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. சாவி கொடுத்தார்கள். ரயில் ஓடிப்போய், புகைபோக்கியால் நிலையத்தின் கூரையை இடித்துப் பெயர்த்துத் தள்ளிவிட்டது. விருந்தாளிகளில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள்.

மகாராஜாவுக்கு முகம் சிவந்தது. பிரதானிக்கு வெளுத்தது.

"பிரபு, சக்கரம் தண்டவாளத்தில் சரியாகப் பொருந்தியதைச் சபையே பார்த்தது. தடம் ஒன்றானால் அளவும் ஒன்றே. ஆகவே ரயிலில் பிழையில்லை. கூரையைத் தாழ்த்திக் கட்டியது ஆசாரியின் பிழை" என்றார் பிரதானி.

"நாளைக் காலை அவன் வலது கட்டைவிரலை வெட்டுங்கள்" என்றார் மகாராஜா.

தச்சனுக்குக் கட்டைவிரல் போனால் உளி பிடிக்க முடியாது. உளி பிடிக்காத தச்சனுக்குச் சோறு கிடையாது. இது அந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தவன் சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் சுருளியப்பன் ஒருவன்தான், அதுவும் வாய் திறப்பதே அவன் பிழைப்பு என்பதால்.

"பிரபு, ஆசாரிமேல் பிழையில்லை என்று நான் காட்டினால்?"

பிரதானி இதற்காகத்தான் பல நாளாகக் காத்திருந்தார். "காட்டாவிட்டால் இவன் விரலும் போகட்டும், பிரபு" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா, ரயிலைத் துடைத்துக்கொண்டே.

அன்று பிற்பகல் முழுக்கச் சுருளியப்பன் இரண்டு ரயில்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை. தடம் ஒன்றுதான், சக்கரம் பொருந்துகிறது, பிறகு ஏன் இடிக்கிறது? ஒரு கை தானாகவே மற்றக் கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் இரண்டு ரயில்களின் ஓட்டுநர் பொம்மைகளையும் பிடுங்கி அருகருகே நிறுத்தினான். மலை ரயில்காரன் மற்றவனைப்போல் இரண்டு மடங்கு உயரம் இருந்தான். நிஜத்தில் எந்த ஊரிலும் ஓட்டுநர்கள் அப்படி இருப்பதில்லை. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை மகாராஜா கோயிலுக்குப் புறப்பட்டார். அந்த ராஜ்யத்துச் சாலைகளெல்லாம் கருங்கல் சாலைகள்; வண்டிச் சக்கரம் ஓடிஓடிக் கல்லில் பள்ளத் தடம் விழுந்திருக்கும். அதனால் மாட்டு வண்டியானாலும் மகாராஜாவின் ரதமானாலும் இரண்டு சக்கரத்துக்கும் இடையே ஒரே அகலம்தான் இருக்கவேண்டும் என்பது தாத்தா காலத்து வழக்கம். சுருளியப்பன் ரதத்துக்கு முன்னால் போய், சாரதியை நெற்களஞ்சியச் சந்துக்குள் திருப்பச் சொன்னான்.

"அது மாட்டு வண்டி போற வாசலுங்க" என்றான் சாரதி.

"தடம் பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்ப ரதமும் போகும். பிரதானியே தீர்ப்புச் சொல்லிட்டார்."

பிரதானி பெயரைக் கேட்டதும் சாரதி ரதத்தைச் சந்துக்குள் திருப்பினான். சக்கரங்கள் தடத்தில் கச்சிதமாக ஓடின. வாசல் வளைவில் வெண்கொற்றக்குடை மோதி ஒடிந்து, மகாராஜாவின் மடியில் விழுந்தது. தலைப்பாகை நெல்லுக்குள் உருண்டது.

"யார் செய்த வேலை இது?"

"இந்த வாசலைக் கட்டிய கொத்தனார் செய்தது, பிரபு. தடம் ஒன்றானால் அளவும் ஒன்றல்லவா? தாழ்த்திக் கட்டிவிட்டான். தாத்தா காலத்திலேயே செத்தும்போனான். தோண்டியெடுத்து விரலை வெட்டலாமா?"

மகாராஜா குடையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"பிரபு, கேள்விகள் இரண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம் என்பது ஒன்று. நிஜ ரயிலை எத்தனையில் ஒரு பங்காகக் குறுக்கினார்கள் என்பது வேறொன்று. சமவெளி ரயிலுக்குப் பாதை அகலம். அதை அறுபதில் ஒன்றாக்கினார்கள். மலை ரயிலுக்குப் பாதை அதில் பாதி. அதை முப்பதில் ஒன்றாக்கினார்கள். ஆகவே இரண்டும் ஒரே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டன. ஆனால் மலை ரயிலின் பெட்டியும் ஆளும் புகைபோக்கியும் உங்கள் பொம்மை ராஜ்யத்துக்கு இரண்டு மடங்கு பெரியவை. ஆசாரி நீங்கள் போட்ட சட்டப்படிதான் கட்டினார்."

மகாராஜாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால் சங்கடம் கூடியது. பின்னாலேயே வந்திருந்த பிரதானி அதைக் கண்டுகொண்டார்.

"விகடன் சொல்வது மெய்யாகவே இருக்கலாம், பிரபு. ஆனால் வெட்டு என்று தங்கள் வாக்கு பிறந்துவிட்டது. விருந்தாளிகளும் கேட்டார்கள். ராஜவாக்கு திரும்பலாமா?"

மகாராஜா யோசித்தார். ஆசாரியின் விரலைப் பற்றியல்ல, வாக்கைப் பற்றி. "திரும்பக்கூடாது" என்றார்.

காலைத் தண்டனைக்காகக் களஞ்சிய முற்றத்தில் வெட்டுக்கட்டை தயாராக இருந்தது. ஆசாரியின் கையை அதன்மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். சுருளியப்பனுக்கு நாக்கு வறண்டது. அவனிடம் வேறு சரக்கு மிச்சமில்லை, நாக்குதான்.

"வாக்கு திரும்ப வேண்டாம், பிரபு. குற்றம் எந்த ராஜ்யத்தில் நடந்தது? பொம்மை ராஜ்யத்தில். அங்கே எல்லாமே அறுபதில் ஒரு பங்கு என்பது தங்கள் சட்டம். தண்டனை மட்டும் முழு அளவில் இருந்தால் பொருந்துமா? கட்டைவிரலை அறுபதில் ஒரு பங்கு வெட்டச் சொல்லுங்கள்."

ஒரு கணம் யாரும் அசையவில்லை. அந்த ஒரு கணத்தைப் பற்றிச் சுருளியப்பன் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. பிறகு மகாராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானி அவரைவிட உரக்கச் சிரித்தார். தண்டனைச் சேவகன் கோடாலியை வைத்துவிட்டு, ஆசாரியின் கட்டைவிரல் நகத்தைச் சீவி எடுத்தான். சுருளியப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

ஆசாரியின் கைக்கட்டை அவிழ்த்தது சுருளியப்பன்தான். நன்றி என்று ஒரு வார்த்தையை எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

"சிரிக்க வெச்சுட்ட" என்றார் ஆசாரி. "அந்தாளு சிரிக்காம இருந்திருந்தா?"

"சிரிச்சிட்டாரே."

"நான் கேட்டது அதில்லப்பா."

சுருளியப்பனுக்குக் கோபம் வந்தது. விரலைப் பணயம் வைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தான். சொல்வதற்குள் அரண்மனைச் சேவகன் ஓடிவந்தான். விருந்தாளிகள் இந்த வேடிக்கையைப் பார்க்கவில்லையாம். மகாராஜா ஆசைப்படுகிறாராம். சபையில் அப்படியே இன்னொரு தடவை நடத்த வேண்டுமாம், ஆசாரி, கட்டை, கோடாலி எல்லாவற்றோடும்.

சபை நடுவே வெட்டுக்கட்டையைக் கொண்டுவந்து போட்டார்கள். நல்லபெருமாள் ஆசாரி வலது கையை அதன்மேல் வைத்தார். தண்டனைச் சேவகன் கோடாலியை ஓங்கினான். மகாராஜா, சிரிக்க வேண்டிய இடத்துக்காக, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

சுருளியப்பன் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அவன் கண் கோடாலியைவிட்டு நகரவில்லை. மகாராஜா சிரித்தார், விருந்தாளிகளும் சிரித்தார்கள், அவனுக்கு இரண்டாவது சால்வையும் போர்த்தினார்கள். அடுத்த வாரம் வேறு விருந்தாளிகள் வருகிறார்கள், ஆசாரியை ஊரைவிட்டு எங்கும் போகவிடாதே என்று மகாராஜா சேவகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.